நீர்த்தாரையைக் கணக்கிட்டவர்

குழாயை மெல்லத் திறந்தால் நீர் முதலில் கண்ணாடிக் கம்பி போல வழவழப்பாக இறங்குகிறது. சற்றுக் கீழே சென்றதும் அக்கம்பி நெளிந்து, துளித்துளியாக உடைகிறது. அடுப்பில் கொதிக்கும் வெல்லப்பாகு அவ்வாறு உடைவதில்லை. இரு விரல்களுக்கிடையே தொட்டு இழுத்தால் அது மெல்லிய நூலாய் நீள்கிறது. சமையற்கட்டில் இதனைக் கம்பிப் பதம் என்பர். நீர் ஏன் உடைகிறது? பாகு ஏன் நீள்கிறது? இவ்விரு வினாக்களையும் கணக்கின் துணையால் ஆராய்ந்து விடை கண்டவர் ராலே பிரபு என்னும் ஆங்கிலேய அறிவியலர். வானம் நீலமாகத் தோன்றும் காரணத்தை விளக்கியவர் என்றே பாடநூல்கள் அவரைப் பெரிதும் அறிமுகப்படுத்துகின்றன. அவர் எழுதிய கட்டுரைகளோ நானூற்று நாற்பதுக்கும் மேல்.

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது அவருடைய இயற்பெயர். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் 1842ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிறந்தார். குடும்பம் பெருநிலக்கிழார் குடும்பம். டெர்லிங் என்னும் சிற்றூரில் அவர்களுக்கு மாளிகையும் பல்லாயிரம் ஏக்கர் விளைநிலமும் இருந்தன. செல்வத்துக்குக் குறைவில்லை, குறை உடல்நலத்தில் இருந்தது. புகழ்பெற்ற ஈட்டன், ஹாரோ பள்ளிகளில் அவரைச் சேர்த்தார்கள். இரண்டிலும் நோயின் காரணமாக நெடுநாள் தங்க இயலவில்லை. பிள்ளை பிழைத்துப் பெரியவனாவானா என்ற ஐயம் பெற்றோரை வாட்டியது. பின்னர் ஆசிரியர் ஒருவரின் தனிப் பயிற்சியில் படித்து, 1861இல் கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ரவுத் என்னும் கணித ஆசான் அவரைச் செதுக்கினார். 1865இல் நடந்த கணிதத் தேர்வில் ஸ்ட்ரட் முதலிடம் பெற்றார்.

அக்காலத்தில் பிரபுவின் மூத்த மகன் செய்ய வேண்டிய பணிகள் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலவையில் அமர வேண்டும். வேட்டைக்கும் விருந்துக்கும் செல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கையை அழுக்காக்கிக்கொள்வது குடும்பத்தின் தகுதிக்கு இழுக்கு என்று உறவினர் சிலர் எண்ணினர். ஸ்ட்ரட் அவர்களோடு சண்டையிடவில்லை. தம் பணியையும் நிறுத்தவில்லை. வானத்தின் நிறம் பற்றிய ஆய்வுரையை 1871இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஈவ்லின் பால்ஃபர் என்னும் பெண்மணியை மணந்தார். திருமணம் செய்துகொண்டவர் கல்லூரியின் ஆய்வுநிலைப் பதவியில் நீடிக்கக் கூடாது என்பது அன்றைய விதி; ஆதலால் அப்பதவியைத் துறந்தார்.

அடுத்த ஆண்டே கடுமையான மூட்டுவாதக் காய்ச்சல் அவரைத் தாக்கியது. உயிர் பிழைத்தாலும் உடல் மிகவும் தளர்ந்தது. குளிர்காலத்தை வெப்பநாட்டில் கழிக்குமாறு மருத்துவர் கூற, மனைவியுடன் எகிப்துக்குச் சென்று நைல் நதியில் படகு வீட்டில் தங்கினார். நூலகமோ கருவிகளோ அங்கே இல்லை. தாளும் எழுதுகோலும் மட்டுமே இருந்தன. ஒலியியலின் அடிப்படை நூலாக இன்றும் மதிக்கப்படும் ஒலிக் கோட்பாடு என்ற இரு தொகுதி நூலை அப்படகில்தான் எழுதத் தொடங்கினார்.

நாடு திரும்பிய 1873இல் தந்தை மறைந்தார். முப்பது வயதில் ஸ்ட்ரட் மூன்றாம் ராலே பிரபு ஆனார். விளைநிலத்தின் பொறுப்பு முழுவதும் அவர்மேல் விழுந்தது. மூன்று ஆண்டுகள் அதனைச் சுமந்தார். 1876இல் நில நிருவாகத்தைத் தம்பி எட்வர்டிடம் ஒப்படைத்துவிட்டு, மாளிகையின் ஒரு பகுதியில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். தம்பி கறவைப் பண்ணையைத் திறம்பட வளர்த்தார். ராலே பிரபுவின் பால் இலண்டன் மாநகரில் விற்பனையாயிற்று. அண்ணனின் ஆய்வுக்கூடத்தில் பகட்டு ஏதும் இல்லை. அரக்கு, நூல், தகரம், கண்ணாடிக் குழாய் ஆகியவற்றால் தாமே கருவிகளைச் செய்தார். ஆனால் அளவீட்டில் மட்டும் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அங்கேதான் நீர்த்தாரை அவருடைய கருத்தைக் கவர்ந்தது. தாரை துளிகளாக உடைவதைப் பிரெஞ்சு அறிவியலர் சவார் 1833இலேயே விரிவாகக் கண்டு எழுதியிருந்தார். பெல்ஜிய அறிவியலர் பிளேட்டோ ஒரு படி மேலே சென்றார். இவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். குடும்பத்தாரும் நண்பர்களும் கண்டு சொன்னவற்றைக் கேட்டே ஆய்வை நடத்தியவர். திரவத் தாரையின் மேல் தோன்றும் நெளிவின் நீளம் அத்தாரையின் சுற்றளவைவிட மிகுந்தால், நெளிவு வளர்ந்து தாரை உடையும் என்று அவர் நிறுவினார்.

இதன் காரணத்தை அறிவது கடினமன்று. திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போலச் செயற்பட்டுத் தன் பரப்பைக் குறைத்துக்கொள்ள முயல்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. தாரையில் ஓரிடம் சற்றே குறுகி, அடுத்த இடம் சற்றே பருத்திருப்பதாகக் கொள்வோம். குறுகிய இடத்தில் இத்தோல் உள்ளிருக்கும் திரவத்தை இறுக்கமாக நெருக்குகிறது; பருத்த இடத்தில் நெருக்கம் குறைவு. ஆகவே குறுகிய பகுதியிலிருந்து திரவம் பருத்த பகுதிக்குப் பிதுங்கி ஓடுகிறது. மெலிந்தது மேலும் மெலிகிறது. பருத்தது மேலும் பருக்கிறது. முடிவில் மெலிந்த இடம் அறுந்துவிடுகிறது.

ஆனால் பிளேட்டோவின் விதி ஒரு கேள்விக்கு விடை கூறவில்லை. சுற்றளவைவிட நீண்ட நெளிவுகள் எண்ணற்றவை. அவை அனைத்துமே தாரையை உடைக்க வல்லவை. அவ்வாறாயின் எந்த நெளிவு தாரையை உடைக்கிறது? துளிகள் ஏன் ஏறத்தாழ ஒரே அளவினவாக விழுகின்றன? ராலே இதனை ஓர் ஓட்டப்பந்தயமாகக் கண்டார். மிக நீண்ட நெளிவு வளர வேண்டுமானால் மிகுந்த நீர் நெடுந்தொலைவு நகர வேண்டும். எனவே அது மெதுவாக வளரும். சுற்றளவுக்குச் சற்றே மிஞ்சிய நெளிவைத் தூண்டும் விசை மிகக் குறைவு. அதுவும் மெதுவாகவே வளரும். இரண்டுக்கும் இடையில் எல்லாவற்றையும் முந்துகின்ற ஒரு நெளிவு இருந்தே தீர வேண்டும். 1878இல் அதனைக் கணக்கிட்டார். தாரையின் விட்டத்தைப் போல ஏறத்தாழ நாலரை மடங்கு நீளமுள்ள நெளிவே வெற்றி பெறுகிறது.

எண்களை இட்டுப் பார்த்தால் வியப்புத் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள நீர்த்தாரை நாலரை மில்லிமீட்டருக்கு ஒரு துளியாக உடையும். அத்துளியின் விட்டம் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர் இருக்கும். அந்நெளிவு இரட்டிப்பாவதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்குகூட ஆவதில்லை. பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. ஆகவே கண்ணுக்குப் புலப்படாத நடுக்கம் கண் இமைப்பதற்குள் தாரையை அறுத்துவிடுகிறது. இவ்வேகத்தைக் கண் பின்தொடராது. எனவே ராலே இருட்டறையில் மின்பொறியைத் தோற்றுவித்து, அதன் கணநேர வெளிச்சத்தில் உடையும் தாரையை நிழற்படம் எடுத்தார். இசைக்கவையின் அதிர்வால் தாரையைத் தூண்டித் துளிகளை ஒழுங்குபடுத்தியும் பார்த்தார்.

தேய்த்த அரக்குத் தண்டு ஒன்றைச் சிறு நீரூற்றின் அருகே கொண்டுசென்றால், சிதறி விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெருந்துளிகளாக விழுவதையும் அவர் ஆராய்ந்தார். மிகக் குறைந்த மின்னூட்டம் துளிகளை இணைக்கிறது. மின்னூட்டம் மிகுந்தாலோ நிலைமை தலைகீழாகும். ஒரு துளி எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கும், எந்த எல்லையைக் கடந்தால் வெடித்து மெல்லிய தாரைகளைப் பீய்ச்சும் என்பதை 1882இல் கணக்கிட்டார். மயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகளை மின்புலத்தால் இழுத்தெடுக்கும் இக்காலத் தொழில்நுட்பம் இந்தக் கணக்கை அறியாமல் இயங்காது.

இதற்கிடையே 1879இல் மேக்ஸ்வெல் மறைந்தார். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத் தலைமைக்கு ராலேயை அழைத்தார்கள். வேளாண்மை வீழ்ச்சியால் நில வருவாய் சுருங்கியிருந்த காலம், அவரும் இசைந்தார். ஐந்து ஆண்டுகள் அங்கே பணியாற்றி, மின்தடையின் திட்ட அளவைத் துல்லியமாக வரையறுத்தார். இப்பணியில் அவருக்குத் தோள்கொடுத்தவர் மனைவியின் தமக்கை எலினார் சிட்ஜ்விக். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்காத அக்காலத்தில், ஆய்வுக்கூட வகுப்புகளில் ஆண்களுக்கு நிகராகப் பெண்களும் பயிலலாம் என்ற நிலை ராலேயின் காலத்திலேயே ஏற்பட்டது. பின்பு அவர் டெர்லிங்குக்கே திரும்பினார்.

1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரிலிருந்து அவருக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் அக்னஸ் பாக்கல்ஸ் என்னும் இளம்பெண். பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்காத ஊரில் வாழ்ந்தவர். நோயுற்ற பெற்றோரைப் பேணி, வீட்டு வேலைகளைச் செய்துவந்தவர். பாத்திரம் கழுவும் நீரின் மேல் எண்ணெயும் அழுக்கும் படரும் விதத்தைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டியும் ஒரு தகரப் பட்டையும் கொண்டு பரப்பு இழுவிசையைப் பத்தாண்டுகளாக அளந்துவந்தார். அவற்றைத் தம் நாட்டில் எங்கும் வெளியிட வழியில்லாமையால் ராலேக்கு எழுதினார். மடல் ஜெர்மன் மொழியில் இருந்தது. ராலேயின் மனைவி அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். ராலே படித்தார், தாம் செய்துகொண்டிருந்த ஆய்வுகள் சிலவற்றில் அப்பெண் தம்மை முந்தியிருப்பதை உணர்ந்தார். அம்மடலை நேச்சர் இதழுக்கு அனுப்பி, வெளியிடுமாறு கேட்டுக்கொண்டார். மார்ச்சு 12ஆம் நாள் அது அச்சில் வந்தது. தாமே அக்கருத்துகளை எடுத்தாண்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தாலும் கேட்பாரில்லை. அவர் அவ்வாறு செய்யவில்லை.

அதே ஆண்டு இன்னொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. அதன் வேர் பம்பாயில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்களுக்குப் பம்பாயில் பாடம் சொல்லிவந்த வாட்டர்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 1845இல் இலண்டன் ராயல் கழகத்துக்கு ஒரு நீண்ட ஆய்வுரையை அனுப்பினார். வளிமங்களின் மூலக்கூறுகள் எப்போதும் ஓடி மோதிக்கொண்டிருக்கின்றன, அவ்வோட்டமே வெப்பம் என்பது அதன் சாரம். மதிப்பீட்டாளர்கள் அதனைப் பயனற்றதென ஒதுக்கினார்கள். கழகம் அதனை அச்சிடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. வாட்டர்ஸ்டனிடம் வேறு படியும் இல்லை. பின்னாளில் அதே கருத்தை வேறு சிலர் கண்டு புகழ்பெற்றார்கள். வாட்டர்ஸ்டன் 1883இல் எடின்பரோ அருகே வீட்டை விட்டு நடந்து சென்றவர் திரும்பவே இல்லை.

ராலே பழைய குறிப்பொன்றைப் பின்தொடர்ந்து, கழகத்தின் ஆவணக் கிடங்கில் அக்கையெழுத்துப் படியைத் தேடி எடுத்தார். நாற்பத்தைந்து ஆண்டுத் தூசியைத் தட்டி, முன்னுரை எழுதி, 1892இல் கழகத்தின் இதழிலேயே வெளியிடச் செய்தார். அம்முன்னுரையில் ஓர் அறிவுரையும் உண்டு. பெயர் தெரியாத இளையோர் பெருங்கருத்துகளை வெளியிடுமுன் சிறிய ஆய்வுகளால் நற்பெயர் தேடிக்கொள்வது நல்லது என்கிறார். காணாமற்போன ஒருவரின் கட்டுரைக்கு முன் வைக்க அது சற்றுக் குளிர்ந்த சொல்தான். ஆனால் உலகம் எவ்வாறு நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கட்டுரையே ஒருமுறை பெயர் விடுபட்ட நிலையில் ஓர் அறிவியல் மன்றத்தை அடைந்தது. கிறுக்கர் யாரோ எழுதியது என்று குழுவினர் தள்ளினர். எழுதியவர் யார் எனத் தெரிந்ததும் அதே கட்டுரை தகுதியுடையதாயிற்று. அவர் மகன் எழுதிய வரலாற்று நூல் இதனைக் கூறுகிறது.

அதே 1892இல் ராலே மீண்டும் தாரைக்குத் திரும்பினார். இம்முறை நீரை விடுத்து, தேன், பாகு போன்ற தடித்த திரவத்தின் இழையை எடுத்துக்கொண்டார். இத்தகைய திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று எளிதில் வழுக்குவதில்லை, இப்பண்பே பாகுநிலை. இங்கே கணக்கு வேறு விடை தந்தது. நீரில் நீண்ட நெளிவுகளைத் தாமதப்படுத்தியது நீரின் திணிவு. பாகிலோ தடுப்பது உள்ளுராய்வு. அது நீண்ட நெளிவுகளைத் தனியாகத் தண்டிப்பதில்லை. ஆகவே நெளிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமாக வளர்கிறது. பாகின் இழை நெருக்கமான துளிகளாக உடையாது. மிகத் தொலைவான சில இடங்களில் மட்டும் மெலிந்து மெலிந்து அறும். கம்பிப் பதத்தின் முதற்கணக்கு இதுவே.

இக்காலத்தில்தான் நைட்ரஜனின் அடர்த்தியில் ஒரு புதிர் தோன்றியது. காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன் அவருடைய கண்ணாடிக் குடுவையில் 2.3102 கிராம் நிறுத்தது. வேதிப்பொருள்களிலிருந்து பெற்றது 2.2990 கிராம். வேறுபாடு பதினொரு மில்லிகிராம். பிறராயின் கருவியின் பிழை என்று விட்டிருப்பர். ராலே விடவில்லை. ராம்சேயுடன் இணைந்து தேடி, காற்றில் மறைந்திருந்த ஆர்கான் என்னும் புதிய வளிமத்தை 1894இல் வெளிப்படுத்தினார். 1904இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுத்தொகையைக் கேம்பிரிட்ஜுக்கே வழங்கிவிட்டார்.

1906ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான தத்துவ இதழ் ஒன்றில், ஒளி விளிம்பில் வளைவதைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது மாணவர் ச. வெ. இராமன். அடுத்த ஆண்டு அதே இதழில் அவரது இரண்டாம் கட்டுரை வந்தது. அதன் பொருள் தொங்கும் திரவத்துளியின் வளைவைக் கொண்டு பரப்பு இழுவிசையை அளப்பது. ராலே முப்பது ஆண்டுகளாக உழைத்துவந்த அதே துறை. இருவருக்கும் இடையே மடல் போக்குவரத்து நிகழ்ந்தது. எழுதுபவர் மாணவர் என்பதை அறியாத ராலே, தம் மடலில் அவரைப் பேராசிரியர் என்றே விளித்திருந்தார் என்பர்.

1919ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில் ராலே பிரபு மறைந்தார். பிழைப்பானா என்று பெற்றோர் கலங்கிய பிள்ளை இறுதிவரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் கண்டறியாத இழை ஒன்று மிஞ்சியிருந்தது. 1920இல் ஜெர்மானிய வேதியியலர் ஸ்டாடிங்கர், இரப்பர் போன்ற பொருள்கள் சங்கிலி போல மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை என்ற கருத்தை முன்வைத்தார். இவையே பாலிமர்கள். இத்தகைய சங்கிலிகள் கலந்த திரவம் பாகைப் போல ஓடவும் செய்யும். இரப்பரைப் போல இழுபட்டு மீளவும் முயலும். அதன் இழை மெலிய மெலியச் சுருண்டிருந்த சங்கிலிகள் நிமிர்ந்து நீண்டு எதிர்த்து இழுக்கின்றன. அறுந்திருக்க வேண்டிய இழை அறுவதில்லை. நூலில் கோத்த மணிகள் போலத் துளிகள் நிற்க, அவற்றுக்கிடையே மெல்லிய இழை நெடுநேரம் தாங்குகிறது. உமிழ்நீரின் இழையிலும் இதனைக் காணலாம். உருக்கிய நைலானைச் சல்லடை போன்ற நுண்துளைகள் வழியே பீய்ச்சி, அறுமுன் குளிரவைத்து இழுப்பதே இன்று உடுக்கும் துணிகள் பலவற்றின் பிறப்பு.

புணேயின் பாஷான் சாலையில் 1950ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் நேருவால் திறந்துவைக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகத்தில், பாலிமர்களுக்கென்றே தனிப்பிரிவு இயங்குகிறது. உருகிய பாலிமர் எப்படி ஓடும், எப்படி நீளும் என்பவை அங்கே ஆராயப்படுகின்றன. இழை அறுவதைப் பற்றிய சமன்பாடுகள் இன்று பெரிதும் வளர்ந்துவிட்டன. கணினியின்றி அவற்றைத் தீர்க்க இயலாது. ஆயினும் முதல் வரி பழையதுதான். சிறு நெளிவு ஒன்றை எடுத்துக்கொள். எது விரைந்து வளர்கிறது என்று கேள்.

ராலேயின் எல்லா விடைகளும் நிலைக்கவில்லை. ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று அவர் கருதினார். 1921இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய இராமன், நர்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று, ஒரு சிறு ஒளிமுனைவுப் பட்டகத்தால் அப்பிரதிபலிப்பை நீக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து தெரிந்தது. வானத்துக்கு ராலே கூறிய ஒளிச்சிதறலே கடல் நீருக்கும் காரணம் என்று எழுதி, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் நேச்சர் இதழுக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் அது அச்சில் வந்தது.